தனிநபரிடம் வாங்கிய பழைய லென்ஸில் பூஞ்சை: "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்பது சட்டப்படி செல்லுமா?

மலைக்கோட்டை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் வசிக்கிறேன். விடுமுறை நாட்களில் கரைவெட்டி ஏரிக்குச் சென்று பறவைகளைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. அதில் எனக்கு ஒரு ரூபாய் வருமானமும் இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன்பு, பழைய பொருள்களுக்கான ஓர் இணைய விளம்பரத் தளத்தில், கோவையைச் சேர்ந்த ஒருவர் 70-200 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் ஒன்றை விற்பனைக்கு வைத்திருந்ததைக் கண்டேன். "மிகக் குறைவாகவே பயன்படுத்தியது, எந்தக் குறையும் இல்லை" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார். நான்கு நாட்கள் வாட்ஸ்அப்பில் பேசி 38,000 ரூபாய்க்கு முடித்தோம். முன்பணமாக 2,000 ரூபாயை யுபிஐ வழியாக அனுப்பிவிட்டு, அந்தச் சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்குக் காந்திபுரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு தேநீர்க் கடை வாசலில் அவரைச் சந்தித்தேன். கேமராவில் மாட்டி நான்கைந்து படங்கள் எடுத்துப் பார்த்தேன்; மீதிப் பணத்தை அனுப்பிவிட்டு அடுத்த பேருந்தில் ஊர் திரும்பிவிட்டேன்.

எட்டாம் நாள் கரைவெட்டியில் காலை வெயிலுக்கு எதிராக எடுத்த படங்கள் எல்லாம் பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தன. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. அன்று மாலையே அவருக்குப் படத்துடன் தகவல் அனுப்பினேன். "என்னிடம் இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்? பழைய பொருளுக்கு யார் உத்தரவாதம் தருவார்கள்?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் என் அழைப்புகளை எடுப்பதில்லை. பிரித்துத் துடைக்க 6,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் செல்லலாமா, காவல் நிலையம் செல்லலாமா, அல்லது விட்டுவிடத்தான் வேண்டுமா?

நான்காம்தெரு

விடாதீர்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காவல் நிலையத்திலிருந்து ஓர் அழைப்பு போனாலே பாதிப் பேர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு நேர்ந்தது இதைவிட மோசம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பில்லும் பெட்டியும் இல்லாத கைப்பேசி ஒன்றை ஒருவரிடம் 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டி வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டது என்றார், நானும் நம்பினேன். ஐந்து மாதம் கழித்து வேறு மாவட்டக் காவலர்கள், ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணை வைத்து என்னைத் தேடி வந்தார்கள். அது திருட்டுக் கைப்பேசி. கைப்பேசியும் போயிற்று, பணமும் போயிற்று, நான் திருடன் இல்லை என்று நிரூபிக்க இரண்டு முறை பயணம் செய்ததுதான் மிச்சம்.

குறுக்குவிசாரணை

உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் எழுதுகிறேன். மேலே வந்திருக்கும் இரண்டு நிகழ்வுகளும் சட்டத்தின் பார்வையில் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

திருட்டுக் கைப்பேசியில் பழுதானது பொருள் அன்று, விற்றவரின் உரிமை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 14-இல், விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டு என்பதை ஒவ்வொரு விற்பனையிலும் சொல்லாமலே உள்ளடங்கிய நிபந்தனையாக வைத்திருக்கிறது. விற்பவர் கடைக்காரரா தனிநபரா என்ற வேறுபாட்டை அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது பிரிவு 27. ஆகவே நான்காம்தெரு நண்பர் தமக்கு விற்றவரிடம் 9,000 ரூபாயையும் திருப்பிக் கேட்டிருக்கலாம். பில் இல்லாத பொருளை அடிமாட்டு விலைக்கு வாங்கினால், திருட்டுப் பொருள் என்று "நம்பக் காரணம் இருந்தது" என்ற குற்றச்சாட்டு வாங்கியவர்மீதே திரும்பும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-இல் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. கைப்பேசி வாங்கும் முன், கே.ஒய்.எம். (KYM) என்ற எழுத்துகளை அடுத்து ஐஎம்இஐ எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்ட கருவியா என்று தெரிந்துவிடும்.

லென்ஸ் விவகாரத்தில் காவல் நிலையம் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏமாற்றுதல் என்ற குற்றம் நிற்க வேண்டுமானால், பணம் வாங்கிய அந்தக் கணத்திலேயே விற்றவரிடம் ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். பேசியது பின்னால் நடக்காமல் போனதையெல்லாம் ஏமாற்றுதல் என்று கொள்ள முடியாது என்று ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாதவர், ராணுவ வீரர் என்று சொல்லிக் க்யூஆர் குறியீடு அனுப்பிப் பணம் பறிப்பவர், இவர்களுக்குத்தான் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணும் காவல் துறையும். நேரில் வந்து, முகம் காட்டி, பொருளைக் கையில் கொடுத்தவர்மீது அந்தக் குற்றச்சாட்டை நிறுத்துவது கடினம்.

நுகர்வோர் ஆணையம் கவர்ச்சியானதுதான். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் எதிரே நிற்பவர் வணிகர் அல்லர். "பொருளை விற்பவர் எல்லோரும் வணிகரே" என்று சட்டத்தின் சொற்களைப் பிடித்துக்கொண்டு வாதாட இடம் இருக்கிறது. எனினும், 2020-இல் வந்த மின்வணிக விதிகள், வழக்கமாகவோ தொடர் தொழிலாகவோ இல்லாமல் தனிப்பட்ட முறையில் விற்கும் இயல்பான நபருக்குத் தாம் பொருந்தா என்று தொடக்கத்திலேயே விலக்கிவிட்டன. சட்டத்தின் போக்கு எந்தப் பக்கம் என்பதை அது காட்டுகிறது. முதல் நாளிலேயே "இவர் வணிகர் அல்லர்" என்ற ஆட்சேபத்தை எழுப்பி எதிர்த்தரப்பு உங்களை ஓராண்டு இழுத்தடிக்கும்.

ஒரு கேள்வி: அந்த விற்பனையாளரின் பக்கத்தில் வேறு என்னென்ன பொருள்கள் விற்பனைக்கு இருக்கின்றன? பத்து லென்ஸ், ஆறு கேமரா என்று இருந்தால் அவர் தனிநபர் வேடம் போட்ட வியாபாரி. அப்போது நான் மேலே எழுதியதில் பாதி மாறிவிடும்.

மலைக்கோட்டை

இப்போதுதான் பார்த்தேன். ஒரு மர நாற்காலி, ஒரு கித்தார், குழந்தைகளுக்கான சைக்கிள் ஒன்று. வேறு எதுவும் இல்லை.

பழுதுக்கடை

இருபது ஆண்டுகளாகக் கேமராக்களைப் பிரித்துச் சேர்ப்பவன் நான். சட்டம் எனக்குத் தெரியாது, பூஞ்சை தெரியும்.

காற்றில் ஈரம் அறுபது விழுக்காட்டைத் தாண்டி, வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத தோல் பையில் லென்ஸ் மாதக்கணக்கில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். "மிகக் குறைவாகவே பயன்படுத்தியது" என்று விளம்பரத்தில் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். தினமும் வெயிலில் சுற்றும் லென்ஸைவிட, அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்த லென்ஸில்தான் இது அதிகம். இரவில் தெரு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. ஒளி நேராக லென்ஸுக்குள் விழும்போதுதான் படம் வெளிறும். கண்டுபிடிக்க ஒரே வழி, பின்பக்க மூடியைக் கழற்றி, ஒளி நுழையும் துளையை முழுதாகத் திறந்து வைத்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பார்ப்பதுதான். கைப்பேசியின் விளக்கே போதும்.

கண்ணாடியின் மேலிருக்கும் பூச்சைப் பூஞ்சை அரித்திருந்தால், துடைத்த பிறகும் தழும்பு நிற்கும். வலை அடர்ந்து கிளைவிட்டுப் பூச்சையும் அரித்திருக்குமானால், அது எட்டு நாளில் வந்தது என்று எந்தப் பழுதுபார்ப்பவரும் சொல்லமாட்டார். ஆனால் பிரித்துத் துடைத்துவிட்ட பிறகு என்னிடம் வந்து "எத்தனை நாள் பூஞ்சை என்று எழுதிக் கொடுங்கள்" என்றால் நான் எதைப் பார்த்து எழுதுவது? ஆகவே துடைப்பதற்கு முன்பே படமும் அறிக்கையும் வாங்கிவிடுங்கள்.

விற்றவன்

விற்கும் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் அல்லவா? நான் வீட்டுப் பொருள்கள் பலவற்றை இணையத்தில் விற்றிருக்கிறேன். ஒரு மேசையை வாங்கிச் சென்றவர் மூன்று வாரம் கழித்துக் கால் ஆடுகிறது என்று பாதிப் பணம் கேட்டார். மாடிப்படியில் உருட்டி ஏற்றினீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. பொருள் கை மாறிய பிறகு அதற்கு என்ன நேர்ந்தது என்று விற்றவனுக்கு எப்படித் தெரியும்? தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது; காசு கொடுத்து வாங்கும் மாட்டை வாயைப் பிளந்து பார்ப்பதுதானே சந்தை வழக்கம்? டார்ச் அடித்துப் பார்க்கக் கைப்பேசியின் விளக்கே போதும் என்று பழுதுக்கடை நண்பரே சொல்லிவிட்டார்.

இன்னொன்று. விற்பவர்தான் எப்போதும் தப்பித்துக்கொள்கிறார் என்பதும் உண்மை அன்று. என் மைத்துனர் தம் ஸ்கூட்டரை விற்றுவிட்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்துப் போட்டு வாங்குபவர் கையிலேயே கொடுத்துவிட்டார். வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. எட்டு மாதம் கழித்து அந்த வண்டி மோதியதில் ஒருவருக்குக் கால் முறிந்தது. இழப்பீட்டு வழக்கின் அழைப்பாணை என் மைத்துனர் வீட்டுக்கு வந்தது. வண்டி யாரிடம் இருந்தாலும், பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாக வழக்கறிஞர் விளக்கினார். அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தும், பதிவில் இருந்த முதல் ஆளின் தலையில்தான் பொறுப்பு விழுந்தது. விற்ற 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தாமே தெரிவித்திருக்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வெளிமாநிலத்தில் விற்றால் 45 நாள்.

குறுக்குவிசாரணை

விற்றவன் அவர்கள் மாட்டுச் சந்தையைக் குறிப்பிட்டார். நம் சட்டம் குதிரையைக் குறிப்பிடுகிறது. இந்த இழைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் சட்டப் புத்தகத்தில் இல்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய பொருளின் தரத்துக்குத் தனிநபர் விற்பனையாளர் பொறுப்பா என்றால், பொதுவிதி "இல்லை" என்பதுதான். சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 16, தரம் குறித்த உள்ளடங்கிய நிபந்தனைகளை அந்த வகைப் பொருளில் வணிகம் செய்பவர்மீதுதான் சுமத்துகிறது. நாற்காலியும் கித்தாரும் விற்கும் குடும்பஸ்தர்மீது அந்தப் பிரிவு பாயாது. ஆகவே விற்றவர் ஒன்றுமே பேசாமல், "லென்ஸ் இருக்கிறது, விலை இவ்வளவு, வந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால், நம் நண்பர் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17-இல் மோசடியை விளக்கும்போது, சும்மா இருப்பது மட்டும் மோசடி ஆகாது என்று சொல்லிவிட்டு, எடுத்துக்காட்டாக ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. குதிரைக்கு நோய் இருப்பது தெரிந்தும் விற்பவன் வாய் திறக்காமல் ஏலத்தில் விற்கிறான். அது மோசடி அன்று. வாங்குபவள், அப்போதுதான் சட்டப்படி மேஜரான அவனுடைய சொந்த மகள் என்றால், சொல்ல வேண்டிய கடமை அவனுக்கு உண்டு. மூன்றாவதாக, வாங்குபவன் விற்பவனிடம், "நீ மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறான். விற்பவன் வாய் திறக்கவில்லை. இந்த இடத்தில் அவனுடைய மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு குதிரைச் சந்தையை மனத்தில் வைத்து எழுதிய வரிகள், நீல நிற இரட்டை டிக் விழுந்தும் பதில் வராத வாட்ஸ்அப் உரையாடலுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

ஆகவே மலைக்கோட்டை நண்பர் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த நான்கு நாள் உரையாடலை முதல் வரியிலிருந்து படியுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதோடு, நீங்கள் என்ன கேட்டீர்கள், அதற்கு அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையும் பாருங்கள்.

மலைக்கோட்டை

படித்தேன். மூன்றாம் நாள் இரவு 9.40-க்கு நான் இப்படி எழுதியிருக்கிறேன்: "உள்ளே பூஞ்சை, தூசி எதுவும் இல்லை என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் வருகிறேன். இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்." இரண்டு நீல டிக்குகள் இருக்கின்றன. அடுத்த தகவல் அவரிடமிருந்து 9.52-க்கு: "முன்பணம் அனுப்ப இந்த எண்." அதன் கீழே யுபிஐ எண். பூஞ்சையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நானும் அப்போது அதைக் கவனிக்காமல் பணம் அனுப்பியிருக்கிறேன்.

ஐந்தாம்பருவம்

சட்டக் கல்லூரி மாணவன் நான். குறுக்குவிசாரணை ஐயா அவர்கள் பொறுத்தருள வேண்டும். குதிரை நன்றாக ஓடினாலும் அடுத்த வேலியில் தடுக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 19-இல் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தவறான எடுத்துரைப்பாலோ, மோசடியாகக் கருதப்படும் மௌனத்தாலோ ஒருவர் சம்மதம் கொடுத்திருந்தாலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டறியும் வழி அவருக்கு இருந்தது என்றால், அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. டார்ச் அடிப்பது சாதாரணக் கவனம்தான் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்லுவார். பறவைப் படம் எடுப்பவருக்கு அது தெரியாதா என்றும் கேட்பார்.

"எந்தக் குறையும் இல்லை" என்ற விளம்பர வரி பொய் என்று தெரிந்தே எழுதியது என நிரூபித்தால் அது வாய்விட்டுச் செய்த மோசடி; அதற்கு இந்த விதிவிலக்கு கிடையாது. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? நாற்காலியும் கித்தாரும் விற்பவர் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருப்பாரா?

குறுக்குவிசாரணை

தம்பி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அதனால்தான் இந்த வழக்கை மோசடி வழக்காக நடத்தக் கூடாது என்கிறேன். ஒப்பந்தத்தை ரத்து செய்து 38,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கப் போனால், விற்றவரின் மனத்துக்குள் என்ன இருந்தது என்ற இருட்டறைக்குள் நுழைய நேரும். 6,500 ரூபாய் மட்டும் கேட்பதற்கு அந்த அறைக்குள் போகவே தேவையில்லை.

"எந்தக் குறையும் இல்லை" என்று விளம்பரத்தில் எழுதி, பூஞ்சை இல்லை என்ற புரிதலில்தான் வருகிறேன் என்று எதிர்த்தரப்பு எழுதியதைப் படித்துவிட்டு முன்பணம் கேட்டால், அந்தச் சொற்கள் ஒப்பந்தத்தின் உறுப்பாகிவிட்டன என்று வாதாட வலுவான இடம் இருக்கிறது. வாய்விட்டுச் சொன்ன உத்தரவாதம் பொய்த்துப்போனால், அது தெரிந்து சொன்னதா, தெரியாமல் சொன்னதா என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 59 கேட்பதில்லை. இழப்பீடு உண்டு என்று மட்டும் சொல்கிறது. பொருளை ஏற்றுக்கொண்டுவிட்ட பிறகு, நிபந்தனை மீறலைக்கூட உத்தரவாத மீறலாகத்தான் கொண்டு இழப்பீடு கேட்க முடியும் என்பது அதே சட்டத்தின் பிரிவு 13. எட்டாம் நாளே தகவல் தெரிவித்தது நல்லது. ஆனால் இரண்டு மாதமாக லென்ஸ் உங்களிடமே இருக்கிறது. ஆகவே திருப்பிக் கொடுக்கும் பேச்சை விட்டுவிடுவதுதான் உத்தமம்.

சான்றைப் பற்றி: திரைப் படங்களை மட்டும் நம்பாதீர்கள். அந்த உரையாடல் இருக்கும் கைப்பேசியை விற்கவோ மாற்றவோ அழிக்கவோ செய்யாதீர்கள். மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் சான்றிதழ் தேவை. முன்பு அது பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 65பி, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் பிரிவு 63. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்றிதழ் வேண்டாம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விளம்பரப் பக்கத்தையும் அது நீக்கப்படும் முன் இன்றே சேமித்துவிடுங்கள்.

தெம்பனீஸ்

சிங்கப்பூரிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கும் தனிநபரிடம் வாங்கும் பழைய பொருளுக்கு, கடைகளை மட்டும் கட்டுப்படுத்தும் குறைபாட்டுப் பொருள் சட்டம் கைகொடுப்பதில்லை. ஆனால் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் என்று ஒன்று இருக்கிறது. 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, பொருள் விற்பனைத் தகராறுகளை அங்கே கொண்டுபோகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் யாரும் வரக் கூடாது. அவரவரே பேச வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. கரோசல் என்ற இணைய விற்பனைத் தளத்தில் வாங்கிய கைப்பைக்காக என் தோழி போனாள். அவள் சொன்னதில் எனக்கு நினைவில் நிற்பது ஒன்று: இருவரும் தங்கள் உரையாடலைக் காட்டியதும், பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டதாம். 6,500 ரூபாய்க்கு உங்கள் ஊரில் எங்கே போவார்கள்?

நெறியாளர்

ஒரு நினைவூட்டல். விற்றவரின் பெயர், கைப்பேசி எண், படம் ஆகியவற்றை இங்கே வெளியிட வேண்டாம் என்று இழையைத் தொடங்கியவரைக் கேட்டுக்கொள்கிறோம். சற்று முன் ஒருவர் "எண்ணைப் போடுங்கள், நாங்கள் பேசிக்கொள்கிறோம்" என்று எழுதியதை நீக்கியிருக்கிறோம். இழப்பீடு கேட்கப் போனவர் அவதூறு வழக்கில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க நேரக் கூடாது.

மலைக்கோட்டை

எண்ணைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது? முகவரி தெரியாது. பணம் அனுப்பியபோது வங்கிக் கணக்கின் பெயர் திரையில் வந்தது, அவ்வளவுதான். விளம்பரத் தளத்திடம் கேட்டேன். தாங்கள் இடைநிலையாளர் மட்டுமே, நீதிமன்றமோ காவல் துறையோ கேட்டால்தான் விவரம் தர முடியும் என்று எழுதிவிட்டார்கள். எங்கே வழக்குப் போடுவது, கோவையிலா திருச்சியிலா?

குறுக்குவிசாரணை

நடைமுறையில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் செத்துப்போவது இந்த முகவரியில்தான், சட்டத்தில் அன்று. அதனால்தான் பொருளை வாங்கும்போதே ஒரு தாளில் இரு தரப்புப் பெயர், முகவரி, பொருளின் வரிசை எண், "பூஞ்சை இல்லை" என்ற ஒற்றை வரி, கையெழுத்து ஆகியவற்றை வாங்கிக்கொள்ளச் சொல்வேன். யாரும் செய்வதில்லை; சொன்னால் சந்தேகப்படுவதாக நினைப்பார்கள் என்ற கூச்சம். லென்ஸின் பழைய பில்லை அவர் கொடுத்தாரா என்று பாருங்கள். அதில் முகவரி இருக்கக்கூடும்.

இடத்தைப் பொறுத்தவரை, எதிர்த்தரப்பு வசிக்கும் கோவை எப்போதும் பாதுகாப்பானது. வழக்கு மூலத்தின், அதாவது வழக்குக்குக் காரணமான நிகழ்வுகளின், ஒரு பகுதி திருச்சியில் எழுந்தது என்றும் வாதாடலாம். தொலைபேசியில் முடிந்த ஒப்பந்தம், ஏற்பு எங்கே கேட்கப்பட்டதோ அங்கே உருவாகிறது என்று 1965-இல் பகவான்தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விலையை நீங்கள் கேட்டு அவர் சம்மதம் சொன்னதை நீங்கள் திருச்சியில் இருந்து கேட்டீர்களானால் அது உதவும். ஆனால் 6,500 ரூபாய் வழக்கில் இந்த நுணுக்கத்துக்காக ஆறு மாதம் செலவழிப்பதை யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

தெம்பனீஸ் அவர்களின் கேள்விக்கு ஓரளவு பதில் நம்மிடமும் உண்டு. வழக்குத் தொடுக்கும் முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுத்து, லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் பேச அழைக்கச் சொல்லலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே முடிவானால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. குறை என்னவென்றால், எதிர்த்தரப்பு வர மறுத்தால் இழுத்து வர முடியாது. அதற்கு முன்படியாக ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மோசடி, குற்றம், சிறை என்ற சொற்கள் எதுவும் அதில் வேண்டாம். விளம்பர வரி, 9.40 மணிச் செய்தி, பழுதுபார்ப்பவர் அறிக்கை, 6,500 ரூபாய். இந்த நான்கும் போதும்.

மலைக்கோட்டை (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். லென்ஸ் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த உத்தரவாத அட்டையில் ஒரு முகவரி இருந்தது. ஆனால் அது சென்னை முகவரி, வேறு பெயர். அப்போதுதான் புரிந்தது, இவரும் இந்த லென்ஸை இன்னொருவரிடம் பழையதாக வாங்கியவர் என்று. நோட்டீஸை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமல், அதன் நகலை வாட்ஸ்அப்பிலேயே அவருக்கு அனுப்பி, பதிவுத் தபாலுக்கு முகவரி தருமாறு என் வழக்கறிஞர் கேட்டார். மறுநாள் காலையில் அவரே அழைத்தார்.

அவர் கோபமாகப் பேசவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மகளின் நடன அரங்கேற்றத்துக்காக வாங்கியதாகவும், அதற்குப் பிறகு பையிலிருந்து எடுக்கவே இல்லை என்றும், பூஞ்சை என்றால் என்ன என்றே தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். "நீங்கள் அன்று எழுதியதைப் படித்தேன், தெரியாத விஷயத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று விட்டுவிட்டேன்" என்றார். அதை நான் நம்புகிறேன். 4,500 ரூபாய் தருகிறேன், இதற்குமேல் எதுவும் கேட்க மாட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றார். ஒப்புக்கொள்ளலாமா?

விற்றவன்

ஒப்புக்கொள்ளுங்கள் நண்பரே. தெரியாது என்றால் தெரியாது என்று அன்றே எழுதியிருந்தால் அவருக்கும் இந்த 4,500 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

குறுக்குவிசாரணை

ஒப்புக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுப்பது இவ்வளவு போதும்: "தங்களிடம் இன்ன தேதியில் வாங்கிய, இன்ன வரிசை எண் கொண்ட லென்ஸின் குறைபாடு குறித்த என் கோரிக்கைகள் யாவும், 4,500 ரூபாய் பெற்றுக்கொண்டதன் மூலம் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தன. இது தங்கள் தரப்பில் தவறை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படாது." கடைசி வாக்கியத்தை அவர் கேட்காவிட்டாலும் சேர்த்துவிடுங்கள். பணம் வந்த பிறகு அனுப்புங்கள், வருமுன் அன்று.

மலைக்கோட்டை

பணம் இன்று காலை வந்தது, ரசீதை அனுப்பிவிட்டேன். லென்ஸும் துடைத்து வந்துவிட்டது. பழுதுக்கடை நண்பர் சொன்னபடியே கண்ணாடிப் பூச்சில் ஓர் ஓரத்தில் மெல்லிய தழும்பு தங்கிவிட்டது. வெயிலுக்கு எதிரே மட்டும் இலேசாகத் தெரிகிறது. என்றாவது இதை நான் விற்க நேர்ந்தால் விளம்பரத்தில் போடுவதற்காக, டார்ச் வெளிச்சத்தில் அந்தத் தழும்பை இப்போதே படம் எடுத்து வைத்துவிட்டேன்.